அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும்

ஃப்ரீசரில் வைக்கிற ரத்த டியூபில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை பனி பட்டால் கலங்கிவிடும். அச்சடித்த லேபிள் ஒரு மாதத்தில் உரிந்து விழுந்துவிடும். இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அந்த ஆய்வுக்கூடத்தின் ஃப்ரீசரைத் திறந்தபோது, அடியில் லேபிள்கள் சருகு மாதிரி உதிர்ந்து கிடந்தன. எந்த டியூப் யாருடையது என்று தெரியாமல் நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.  மறுநாளிலிருந்து சொரசொரப்பான ஒட்டுத்தாளில் பென்சிலால் எண்ணை எழுதி, அதன்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டினேன். அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் ஒரு லேபிள்கூட விழவில்லை, ஒரு டியூப்கூடத் தவறி மாறவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் வேலையில் குறை இருந்ததாக அங்கே யாரும் உங்களிடம் சொல்லியிருக்க முடியாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பாடம் ஏறாமல் நிற்கவில்லை. எழுந்து நின்று சத்தமாகப் படி என்பார்கள், எனக்குக் குரல் எழும்பாது, வகுப்பு சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. வாய் திறக்காமல் மூலையில் நிற்கிறவளை எல்லாரும் நாற்காலி மாதிரி நினைத்துக்கொள்வார்கள். நாற்காலிக்கு முன்னால் மனிதர்கள் எதையும் பேசுவார்கள். அப்படித்தான் நான் அங்கே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

ஆய்வு கொழுப்பைப் பற்றியது. அதை நடத்திய டாக்டரம்மா, ரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, அதுவும் ஹார்மோன்களைச் சுரந்து உடம்போடு பேசிக்கொண்டே இருக்கிறது என்பார். லெப்டின் என்று ஒன்று. கொழுப்பு கூடினால் அது கூடும், பட்டினி கிடந்தால் சரசரவென்று இறங்கும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அடிபோனெக்டின் என்று இன்னொன்று. சர்க்கரை ஏறாமலும் ரத்தக்குழாய் கெடாமலும் காப்பது அது. கொழுப்பு நோய்ப்பட்டால் அது குறைந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உடம்புக்குள் நடப்பது தெரியும். குண்டானவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை, ஒல்லியானவர்கள் எல்லாரும் ஆரோக்கியமானவர்களும் இல்லை. "ஆளைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ரத்தத்தைப் பாருங்க" என்று முடிப்பார். இதைக் கேட்டுக் குண்டானவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். பரீட்சை எழுதாமலே பாஸ் என்று சொன்ன மாதிரி.

அவர்களுடைய இடுப்பை டேப் வைத்து அளந்தவள் நான்தான். கைப்பிடி வைத்த நாற்காலிகளை நாங்கள் அகற்ற வேண்டியிருந்தது, உட்கார்ந்தவர்கள் எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "எவ்வளவும்மா?" என்று வேறு கேட்பார்கள். இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்ல மாட்டாளா என்ற நப்பாசை. நான் எண்ணை மட்டும் சொல்வேன். தன் வாயைக் கட்ட முடியாத ஒருவருக்கு ரத்தம் எப்படிச் சுத்தமாக இருக்கும்? நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ குடிப்பேன், சர்க்கரை தூக்கலாக. கூட நாலு பிஸ்கட். இரவில் பசித்தால் ஒரு துண்டு ரொட்டி. அவ்வளவுதான். என் வயதில் இவ்வளவு சின்ன இடுப்பு, அளவு எழுதும் ரிஜிஸ்டரில் யாருக்கும் கிடையாது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அம்மா, லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன், அண்ணி, நான். நாலாவது மாடியில் இரண்டு அறை. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற என் அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அண்ணி வரும்வரை அம்மா என்னைக் காட்டித்தான் பேசுவாள். "இவளுக்குச் சாப்பாட்டுச் செலவே கிடையாது, கோழி கொறிக்கிற மாதிரிக் கொறிப்பா" என்பாள். அண்ணி வந்த பிறகு பேச்சு மாறியது. அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தொண்ணூற்று நாலு கிலோ. அவள் உட்கார்ந்தால் சோபாவின் மறுமுனையில் இருப்பவர் ஓர் அங்குலம் மேலே வருவார். இரண்டு கையிலும் தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் சிரித்துக்கொண்டே ஏறுவாள், ஏறி முடித்ததும் பாடவும் செய்வாள். காலையில் நாலு முட்டை உரிப்பாள், ஐந்தாவதை என் தட்டில் வைப்பாள்.

"ஏ குச்சி, இதைத் தின்னு. காத்தடிச்சா உன்னைத் தேடிக்கிட்டுப் போக என் வேன்ல டீசல் இல்ல."

அம்மா சிரிப்பாள். என்னைக் காட்டிப் பெருமைப்பட்ட அதே அம்மா. அண்ணனும் சிரிப்பான். நான் அந்த முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைப்பேன். அதையும் அவளே எடுத்துத் தின்பாள். அவளுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. உடம்பு அவ்வளவு இருந்தால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்தான்.

அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். படித்தவர்கள் வாயால் ஒரு தடவை அவளுக்கு உண்மை தெரியட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. அவள் நல்லதுக்குத்தான். டாக்டரம்மாவுக்கு ஒல்லியானவர்களும் தேவைப்பட்டார்கள், அதனால் அதே காலையில் நானும் ரத்தம் கொடுத்தேன். ரிஜிஸ்டரில் நான் அறுபத்தொன்று, அண்ணி அறுபத்திரண்டு. ரத்தத்தை மெஷினில் சுழற்றினால் மேலே மஞ்சள் நீர் தெளியும். அதைச் சின்ன டியூப்களில் பிரித்து உறையவைத்தேன், ஆளுக்கு நாலு.

அங்கே சோதனை மெஷினைப் பார்த்துக்கொண்டவர் தடிமனான கண்ணாடி போட்டவர். எல்லாரும் சோடாபுட்டி என்பார்கள், அவர் காதுபடவே. அவர் எங்கள் இருவருடைய நீரும் இன்னும் சிலருடையதும் ஊற்றிய தட்டை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய் வந்தது. ஓட்டம் முடிந்து தாள் வந்தாலும் கணக்கில் சேராது, நாளைக்கு வேறு டியூபை எடுத்து மறுபடி ஓட்டுவோம் என்று சொல்லி, தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். கூடையைக் கொட்டுகிறவள் நான்.

தாளை எனக்கு வாசிக்கத் தெரியும். அறுபத்திரண்டுக்கு அடிபோனெக்டின் அந்தத் தட்டிலேயே எல்லாரையும்விட அதிகம். சர்க்கரை, இன்சுலின், கொழுப்பு எல்லாம் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. லெப்டின் மட்டும் கொஞ்சம் கூட. அறுபத்தொன்றுக்கு அடிபோனெக்டின் தரையில் கிடந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வரும் எண். இன்சுலின் மூன்று மடங்கு.

நான் நிதானமாக யோசித்தேன். வாயைக் கட்டி வாழ்ந்தவள் நான். நாலு முட்டை தின்றவள் அவள். அந்த எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கே மாறின என்று கேட்டால், டியூபில் ஊற்றும்போதோ லேபிள் ஒட்டும்போதோ என் கையிலேயே மாறியிருக்கலாம். மனிதக் கைதானே. ஒரு தப்பு தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் விடுவது என் வழக்கம் இல்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆளுக்கு மூன்று டியூப் மீதி இருந்தது. ஆறு லேபிளையும் உரித்து, புதிதாக எழுதி ஒட்டினேன். நாலு நிமிஷ வேலை.

மறுபடி ஓட்டிய தாள் வந்ததும் டாக்டரம்மா கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். அறுபது பேருக்கு "ஆளைப் பார்க்காதே" என்று உபதேசம் செய்தவர் அல்லவா. அண்ணி அறைக்குள் வந்தாள், நாற்காலி முனகியது. டாக்டரம்மா ஆளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தலையாட்டினார். அவ்வளவுதான். தாள் ஆளோடு ஒத்துப்போனதும் அவருடைய சந்தேகமெல்லாம் தூங்கப் போய்விட்டது. என்னைப் பார்த்து, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். அண்ணி என் முதுகில் தட்டி, "குச்சி ஜெயிச்சிட்டா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே இருக்கும் கொழுப்பு நோய்ப்பட்டிருக்கிறது, இப்படியே விட்டால் நாலைந்து வருஷத்தில் கண்ணும் சிறுநீரகமும் போகும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளைச் சிகிச்சைக் குழுவில் சேர்த்தார்கள். பதினாறு வாரத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி மட்டும், ஒரு நாளைக்கு நாலு பாக்கெட். வேறு எதுவும் வாயில் படக் கூடாது. வாரா வாரம் ரத்தம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரோக்கியமான ஜோடி வேண்டும். ஒரே வீடு, ஒரே சமையலறை, இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்று டாக்டரம்மா என்னையே ஜோடியாகப் போட்டார். வாரா வாரம் என் ரத்தமும் எடுத்தார்கள். ஒரு தடவை ஒழுங்கு செய்துவிட்டால் தொடர்ந்து ஒழுங்கு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் துள்ளும், ஆய்வே கெட்டுவிடும். எனவே வாரா வாரம் லேபிளை மாற்றி ஒட்டினேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. நாற்காலியை யார் கேட்பார்கள்?

ஒன்று சொல்ல வேண்டும், அண்ணி ஏமாற்றவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் வாரமே சமையலறையில் கையும் களவுமாகப் பிடிபடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, நாங்கள் சாப்பிடும் நேரத்தில் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எடை இறங்கியது. ஆனால் அறுபத்திரண்டாம் எண்ணின் தாளில் எதுவும் நகரவில்லை. அடிபோனெக்டின் ஏறவில்லை, சர்க்கரை குறையவில்லை. ஐந்தாவது வாரம் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, ஒளித்துவைத்து எதையாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நாலு பாக்கெட்டை மூன்றாகக் குறைத்தார். எட்டாவது வாரம் மூன்று இரண்டானது. எடைதான் குறைகிறதே என்று ரத்தம் எடுக்கிற சிஸ்டர் ஒரு தடவை இழுத்தாள். எடை வேறு, உள்ளே இருப்பது வேறு, ஆளைப் பார்க்காதே, தாளைப் பார் என்று அவளுக்குப் பதில் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் காலம் தள்ளினார்.

வீட்டிலும் பேச்சு முளைத்தது. அண்ணன் சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டு வாங்கி வந்தான். லிஃப்ட் கதவுகளுக்குப் போடுகிற பெரிய பூட்டு. அம்மா பிஸ்கட்டுகளை எண்ணி வைத்தாள். ஒரு நாள் இரண்டு குறைந்திருந்தன. டீயோடு எடுத்தது நான்தான். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

"கொஞ்சம்கூட வாய்க்கட்டுப்பாடு இல்லாம ஒரு பொம்பளை இருப்பாளா?" என்று அம்மா கேட்டாள், சுவரைப் பார்த்து. அண்ணி அப்போது வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டும் நின்றுபோனது. வீடு அமைதியாக இருந்தது. அண்ணி வந்த பிறகு முதல் தடவையாக அம்மா மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைக் காட்டிப் பேசியதைக் கேட்டேன்.

பதினோராவது வாரம், நான் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தாள். சட்டை தோளிலிருந்து நழுவியது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள், இப்போது நகரவே தேவையில்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

"உங்க அண்ணன் என்னைத் திருடின்னு நினைக்கிறார், தெரியுமா?" என்றாள். "சத்தியமா ஒரு பருக்கை தொடல. படுத்தா நெஞ்சு ஓடுது, அப்புறம் திடீர்னு நிக்குது, அப்புறம் ஓடுது. நீ அங்கேயே இருக்கிறவ. நான் நிறுத்திடவா? நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே நிறுத்திடறேன்."

"ரிப்போர்ட் பொய் சொல்லாது அண்ணி. இன்னும் அஞ்சு வாரம்தானே."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தாள். அந்தக் கையில் கனமே இல்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையில் அறுபத்தொன்றின் தாள். அவர் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. எனக்காக ஒருவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உன் லெப்டின் தரையைத் தொட்டிடுச்சு. உன் உடம்பு பட்டினின்னு கத்துது. ரத்தத்துல பொட்டாசியம் இவ்வளவு குறைஞ்சா இதயம் எப்ப வேணா நின்னு போயிடும், புரியுதா? என்ன பண்ணிக்கிட்டு இருக்கே நீ?"

 அவர் சீட்டு எழுதி, தன் கையாலேயே ஒரு சிரப் பாட்டிலை எடுத்துத் தந்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, கூடவே வாழைப்பழம், மூன்று நாளில் மறுபடி ரத்தம் என்றார். பாட்டிலை என் மேஜை டிராயரில் வைத்தேன். அவர் பாதி மூடிய கதவு வழியாக வேளாவேளைக்குப் பார்ப்பார், எனவே வேளாவேளைக்கு ஒரு கரண்டி அளந்து கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். சிவப்பு நிறம், ஆரஞ்சு வாசனை.

அதை ஏன் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அது என் பெயருக்கு எழுதிக் கொடுத்த மருந்து. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் குடிக்கக் கூடாது என்று மருந்தறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நான் விதிமுறைப்படி நடக்கிறவள். மூன்றாம் நாளும் அண்ணியின் ரத்தத்தையே என் பெயரில் அனுப்பினால் என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் அந்த ஒரு தடவை மட்டும், சிஸ்டர் என் கையில் எடுத்த டியூபை எடுத்தபடியே விட்டேன். பொட்டாசியம் பழையபடி சரியாகிவிட்டது என்று டாக்டரம்மா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். அந்தத் தடவை சோதித்தது பொட்டாசியம் மட்டும்தான், அது நல்லதாகப் போயிற்று.

பன்னிரண்டாவது வாரத்துத் தாள் வரும் முன்பே, பதின்மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்தாள். கையில் ஒரு கேன் தண்ணீர், பாதிதான் நிரப்பியிருந்தாள். மூடி திறந்து தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்ததைப் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்காரர் ஏறிப்போயிருக்கிறார். ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஆறு பேராவது தேவைப்பட்டிருப்பார்கள், அந்தக் குறுகலான படியில் ஆறு பேர் எப்படி நின்றிருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டியிலேயே உயிர் போய்விட்டது. அண்ணன் பூட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுவும் அவன் இஷ்டம். பூட்டியது அவன், எண்ணியது அம்மா, குறைத்தது டாக்டரம்மா. யாருக்கும் யோசிக்கத் தெரியவில்லை. ஒரு துண்டுத் தாளில் நான் பென்சிலால் எழுதியதை, கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைவிட அதிகமாக நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தின் தாளையும் எங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் சோடாபுட்டிதான். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரை மட்டும் நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்ட வரிகளைக் கீழே எழுதுகிறேன். முதல் தடவை ஆறு லேபிள்களை மாற்றியவள் நான். பிறகு வாரா வாரம் மாற்றியவளும் நான். படியில் அவள் கேட்டபோது, நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தெரியும். பாட்டிலில் இருந்தது யாருக்கான மருந்து என்றும் தெரியும். என் அண்ணியைக் கொன்றது நான்தான். இதை யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் காவலுக்கு வந்த மறுநாள் உங்கள் டாக்டர் என் ரத்தத்தை எடுத்தார். சர்க்கரை நானூற்றுப் பத்து என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். கால் விரலில் இருக்கும் புண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். அது செருப்புக் கடி, ஒரு மாதமாக இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நான் போடவில்லை. அந்தத் தாள் என்னுடையது இல்லை என்று எடுத்துச் சொன்னேன், கேட்பார் இல்லை. இங்கே லேபிள் எழுதுகிறவரை விசாரியுங்கள். அண்ணி செத்து ஆறு வாரம் ஆன பிறகும் அவள் ரத்தம் எப்படி என் டியூபுக்குள் வந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.